இருபத்தொரு தீவுகளும் ஒரு வரப்பும்

மேசையில் ஒரு நிலவரைபடத் தாளை விரித்து வைத்திருந்தேன். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள். தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். ராமநாதபுரத்துக்கு மேற்கே கண்மாய்கள் நீலத் திட்டுகளாகக் கிடந்தன. "இவை எப்படி அமைந்திருக்கின்றன?" என்று பதினோராம் வகுப்பில் கேட்டேன்.

"அள்ளி இறைத்த மாதிரி இருக்கிறது, சார்" என்றாள் முன்வரிசைப் பெண்.

"இல்லை சார், ஒன்றுக்கொன்று இடிக்காமல் பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி இருக்கிறது" என்றான் சன்னலோரத்துப் பையன்.

இருவரும் பார்த்தது ஒரே தாள். இருவருக்கும் கண் நன்றாகத்தான் தெரியும். ஆனாலும் பாடவேளை முடியும் வரை வழக்கு தீரவில்லை. புவியியலில் கணக்கு நுழைந்தது இப்படிப்பட்ட வழக்குகளைத் தீர்க்கத்தான். 1950-களுக்கு முன்பு பெரும்பாலும் பார்த்ததை அழகாக வருணிப்பதே புவியியலாக இருந்தது. "இவ்வட்டாரத்தில் ஊர்கள் நெருக்கமாக உள்ளன" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். எவ்வளவு நெருக்கம், எதைவிட நெருக்கம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1950-களிலும் 60-களிலும் அந்தக் கேள்விகள் எழுந்தன. அந்த மாற்றத்தைத்தான் 'அளவைப் புரட்சி' என்கிறார்கள். புரட்சி என்பது கொஞ்சம் பெரிய சொல். நடந்தது இதுதான்: வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்தார்கள்.

கணக்குக்குப் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் புள்ளிகள் மூன்று விதமாகக் கிடக்கலாம். ஒன்றையொன்று ஒட்டிக் கும்பலாகக் கிடக்கலாம். ஒன்றையொன்று தள்ளிவிட்டாற்போல் சீராகப் பரவியிருக்கலாம். அல்லது எந்த ஒழுங்கும் இல்லாமல், விழுந்த இடத்தில் விழுந்து கிடக்கலாம். இந்த மூன்றாவதற்குச் சமவாய்ப்புப் பரவல் என்று பெயர். இதைத்தான் நம் கண் எப்போதும் தவறாகப் படிக்கிறது.

மறுநாள் வகுப்புக்கு ஒரு சார்ட் தாளும் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையும் கொண்டுபோனேன். தாளில் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் போட்டோம். முதலில் அந்த முன்வரிசைப் பெண்ணிடம் பேனாவைக் கொடுத்து, "எந்த ஒழுங்கும் இல்லாமல் 50 புள்ளி வை" என்றேன். கண்ணை இடுக்கிக்கொண்டு, இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்தாள். எண்ணிப் பார்த்தோம். 17 கட்டங்களில் இரண்டிரண்டு புள்ளிகள், நான்கில் ஒவ்வொன்று, நான்கில் மும்மூன்று. காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லை.

பிறகு 50 புளியங்கொட்டைகளைக் கையில் குலுக்கி, தாளுக்கு மேலே உயரத்திலிருந்து உதறினோம். வெளியே உருண்டவற்றைப் பொறுக்கி மறுபடி உதறினோம். இப்போது மூன்று கட்டங்கள் மொட்டையாகக் கிடந்தன. ஏழில் ஒவ்வொன்று, ஆறில் இரண்டிரண்டு, ஆறில் மும்மூன்று, இரண்டில் நான்கு நான்கு; ஒரு கட்டத்தில் மட்டும் ஐந்து கொட்டைகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. "பாருங்கள் சார், இங்கே கும்பல்!" என்று அந்த ஐந்தைக் காட்டினான் ஒருவன். கும்பல் இல்லை, வாய்ப்பு அப்படித்தான் விழும். சமவாய்ப்பு என்றால் சமமாகப் பங்கு வைப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பங்கு வைக்க ஆள் வேண்டும். வாய்ப்புக்கு அந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது.

இதை எண்ணாக்குவது எளிது. கட்டத்துக்குச் சராசரி 2. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண்ணிக்கை இந்த 2-லிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, விலகலை வர்க்கமாக்கிக் கூட்டி, கட்டங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி கிடைக்கும். கொட்டைகளுக்குக் கூட்டுத்தொகை 42. 24-ஆல் வகுத்தால் 1.75. இதைச் சராசரியான 2-ஆல் வகுத்தால் 0.875. பேனாப் புள்ளிகளுக்குக் கூட்டுத்தொகை வெறும் 8; இறுதி எண் 0.17. இந்த விகிதம் 1-க்குப் பக்கத்தில் இருந்தால் சமவாய்ப்பு. 1-ஐவிட நன்றாகக் குறைந்தால் சீர். 1-ஐத் தாண்டி ஏறினால் கும்பல். ஒழுங்கே இல்லாமல் வைத்ததாக அந்தப் பெண் நம்பியது, உண்மையில் நடவு நட்ட மாதிரியான ஒழுங்கு.

இதற்குப் பெயர் கட்ட முறை. இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு உண்டு. எனக்கும் அதை விட மனம் வருவதில்லை. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் விழுந்தபோது, அவை சில பகுதிகளைக் குறிவைத்து வருகின்றன என்று பேச்சு பரவியது. காப்பீட்டுக் கணக்காளரான ஆர்.டி. கிளார்க் தெற்கு லண்டனைக் கால் சதுர கிலோமீட்டர் அளவில் 576 கட்டங்களாகப் பிரித்தார். மொத்தம் 537 குண்டுகள். எந்தக் குறியும் இல்லாமல் விழுந்திருந்தால் எத்தனை கட்டங்கள் தப்பியிருக்கும் என்று, தற்செயலாக விழுபவற்றின் எண்ணிக்கையைக் கணிக்கும் பாய்சான் சூத்திரத்தைக் கேட்டால், ஏறக்குறைய 227 என்கிறது. உண்மையில் தப்பியவை 229. ஒரு குண்டு விழுந்த கட்டங்கள் 211. சூத்திரம் சொன்னதும் 211. 1946-இல் அவர் வெளியிட்ட இந்தச் சிறு கட்டுரைக்குப் பிறகு, கும்பலாகத் தெரிவதெல்லாம் கும்பல் அன்று என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

கட்ட முறையில் ஒரு குறை. கட்டத்தின் அளவை மாற்றினால் விடையும் மாறும். ஒரே கட்டத்துக்குள் ஐந்து புள்ளிகளும் ஒரு மூலையில் முட்டிக்கொண்டிருந்தாலும், பரந்து கிடந்தாலும் அதற்கு எல்லாம் 'ஐந்து'தான். ஆகவே கட்டத்தை விட்டுவிட்டு, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கும் வழி ஒன்று வந்தது. 1954-இல் கிளார்க், எவன்ஸ் என்ற இரண்டு சூழலியலாளர்கள் அதை எழுதினார்கள். (இந்தக் கிளார்க் வேறு ஆள். குண்டு எண்ணியவர் அல்லர்.) அவர்களுக்குத் தேவைப்பட்டது தாவரங்களும் விலங்குகளும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று அறிய. புவியியலாளர்கள் அதை எடுத்து ஊர்களுக்கும் கடைகளுக்கும் பொருத்திக்கொண்டார்கள்.

முறை இதுதான். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அதற்கு மிக அருகில் உள்ள மற்றொரு புள்ளி எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். இது நாம் கண்ட தூரம். அதே எண்ணிக்கைப் புள்ளிகள் அதே பரப்பில் சமவாய்ப்பாக விழுந்திருந்தால் சராசரி எவ்வளவு வந்திருக்கும் என்பது எதிர்பார்த்த தூரம். பரப்பைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பாதியாக்கினால் அது கிடைத்துவிடும். கண்டதை எதிர்பார்த்ததால் வகுத்தால் ஓர் எண் வரும். 1 என்றால் சமவாய்ப்பு. 0-ஐ நோக்கி இறங்கினால் கும்பல். 1-க்கு மேல் ஏறினால் சீர். கட்ட முறையின் விகிதத்துக்கு இது தலைகீழ். எல்லாப் புள்ளிகளும் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோண ஒழுங்கில் அமைந்தால் உச்சமாக 2.149 வரும். அதற்கு மேல் போக இடமில்லை.

இனி கண்மாய் வழக்குக்கு வருவோம். தாளில் 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சதுரம் போட்டோம். தரையில் அது 10 கி.மீ.க்கு 10 கி.மீ., அதாவது 100 ச.கி.மீ. ஊருணி, குட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெரிய கண்மாய்களுக்கு மட்டும் டிரேசிங் தாளில் புள்ளி வைத்தோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே எண்களை உருட்டித் தருகிறேன்: 25 கண்மாய்கள், அண்டைத் தூரத்தின் (மிக அருகில் உள்ள கண்மாய்க்கான தூரத்தின்) சராசரி 1.5 கி.மீ. எதிர்பார்த்தது எவ்வளவு? 100-ஐ 25-ஆல் வகுத்தால் 4, வர்க்கமூலம் 2, பாதி 1 கி.மீ. ஆக விகிதம் 1.5. 25 புள்ளிகள் வாய்ப்பாக விழும்போது சராசரி அண்டைத் தூரம் ஏறத்தாழ 100 மீட்டர் முன்னே பின்னே ஆடும். 1.05 வந்திருந்தால் பேச ஒன்றுமில்லை. 1.5 என்பது அந்த ஆட்டத்தைப்போல் ஐந்து மடங்கு விலகல். சன்னலோரத்துப் பையன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

ஏன் இப்படி என்று கேட்டால் அவனுடைய தாத்தா சொல்லிவிடுவார். ஒரு கண்மாய்க்கு மேலே நீர்ப்பிடிப்பு வேண்டும். கீழே ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் வயல்கள் வேண்டும். ஒன்று நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக இறங்கி, வரத்துக்காலில் ஓடி அடுத்த கண்மாய்க்குப் போகும். சரிவு மிகக் குறைந்த இந்தச் சீமையில் இரண்டு கண்மாய்களை ஒட்டி ஒட்டி வெட்டினால் ஒன்றின் ஆயக்கட்டு மற்றதன் தண்ணீருக்குள் போய்விடும். நீர் கேட்கும் இடைவெளிதான் தாளில் 1.5 ஆக வந்து நிற்கிறது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். கண்மாயைப் புள்ளியாக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்பார்கள். நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளக் கரை என்று பொருள். அதன் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, 'இதுதான் கண்மாய்' என்பது அபத்தம். புள்ளி எங்கே: மையத்திலா, கலுங்கிலா, கரையிலா? எதை வைத்துக்கொண்டாலும் சரி, எல்லாக் கண்மாய்களுக்கும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் இந்த முறையிடம் நியாயம் கேட்க முடியாது.

புள்ளியைவிடப் பெரிய வம்பு வரப்பு. எந்தப் பரப்புக்குள் கணக்குப் பார்க்கிறோம் என்று போடும் எல்லையைத்தான் சொல்கிறேன். இதற்கு மன்னார் வளைகுடாவைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே, கரையை ஒட்டினாற்போல் 21 பவளத் தீவுகள் ஏறக்குறைய 140 கி.மீ. நீளத்துக்குக் கோத்த மணிகளாகக் கிடக்கின்றன. முயல் தீவு, மனோலி, குருசடை, அப்பா, வாலை எல்லாம் நம் பக்கத்தவை. நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்று ஒரே குழுவில் இரண்டு தீவுகளுக்குப் பெயர் வைத்தவர் யாரோ, தாகம் தெரிந்தவர்.

இந்தத் தீவுகள் கும்பலா, சீரா? ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்த தீவு சராசரியாக 3 கி.மீ. என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இது நான் கற்பித்த எண். ஆனால் பரப்புகள் உண்மையானவை. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் பரப்பு 10,500 ச.கி.மீ. அதை வரப்பாக வைத்தால் 10,500-ஐ 21-ஆல் வகுக்க 500, வர்க்கமூலம் 22.36, பாதி 11.18 கி.மீ. விகிதம் 3-ஐ 11.18-ஆல் வகுக்க 0.27. கெட்டியான கும்பல். அடுத்து, 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவை வரப்பாக வையுங்கள். அதன் பரப்பு 560 ச.கி.மீ. இப்போது எதிர்பார்த்த தூரம் 2.58 கி.மீ. விகிதம் 1.16. அதே தீவுகள் அதே 3 கி.மீ. இடைவெளியில் இப்போது சீர் பக்கம் சாய்ந்துவிட்டன.

மூன்றாவதாக ஒருவர் வந்து, "பரப்பே வேண்டாம், இவை ஒரு கோட்டில்தானே கிடக்கின்றன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கோட்டில் சமவாய்ப்பாக விழும் புள்ளிகளுக்கு அண்டைத் தூரம், நீளத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. 140-ஐ 42-ஆல் வகுத்தால் 3.33 கி.மீ. விகிதம் 0.9. ஏறக்குறைய சமவாய்ப்பு. ஒரு தீவும் நகரவில்லை, ஒரு தூரமும் மாறவில்லை, மூன்று தீர்ப்புகள்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் இந்தக் கணக்கெல்லாம் பித்தலாட்டம்" என்று எழுந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பித்தலாட்டம் இல்லை. மூன்று வரப்புகளும் மூன்று கேள்விகள். திறந்த கடல் முழுவதிலும் தீவு எங்கு வேண்டுமானாலும் எழுந்திருக்கலாமா? அப்படியென்றால் அவை ஓரிடத்தில் கூடியது செய்தி. ஆழம் குறைந்த கரையோர மேடையில்தான் பவளம் வளரும் என்று நமக்கு முன்பே தெரியும் என்றால், அந்த மேடைக்குள் எப்படி அமைந்தன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வரப்பைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அந்த 21-லும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு காரணம். கணக்கில் 21 போடுவதா, 19 போடுவதா என்பது இன்னொரு வம்பு.

வரப்பின் விளையாட்டு புள்ளிகளோடு நிற்பதில்லை. 1985 மார்ச் வரை ராமநாதபுரம் மாவட்டம் என்றால் தனுஷ்கோடி மணல் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் வரை. பிறகு அது மூன்றாகி, சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்துபோயின. பிரிவதற்கு முந்தைய ஆண்டின் 'மாவட்டச் சராசரி மழை'யையும் பிந்தைய ஆண்டின் சராசரியையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மழை மாறிவிட்டது என்று சொன்னால் என்ன ஆகும்? வானத்தில் ஒன்றும் நடந்திருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் கணக்கிலிருந்து கழன்றிருக்கும், அவ்வளவுதான். எல்லையை மாற்றினால் சராசரி, விகிதம், தொடர்பு எல்லாம் மாறும் என்ற இந்தச் சிக்கலைப் புள்ளியியலாளர்கள் 1930-களிலேயே கண்டுகொண்டார்கள். இன்னும் அதற்கு மருந்து இல்லை. வட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று மூன்று அளவிலும் கணக்கைப் போட்டு, விடை நிலைக்கிறதா என்று பார்ப்பதுதான் கைவைத்தியம்.

அளவுகோலும் இதே போலத்தான். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கி.மீ. என்று நாம் படித்தோம். அண்மையில் அது 11,098.81 கி.மீ. என்று திருத்தப்பட்டது. கரை வளரவில்லை, நுணுக்கமான வரைபடத்தில், ஒவ்வொரு வளைவும் நெளிவும் விடாமல் அளந்தார்கள். வாலிநோக்கம் வளைவை நூலால் அளந்தால் ஒரு நீளம், முழக்கோலால் அளந்தால் வேறு நீளம்.

இதுவரை பார்த்தது, புள்ளி எங்கே இருக்கிறது என்பது. அந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்று அடுத்துக் கேட்கலாம். கிணற்று நீரின் உப்பு, நிலத்தின் விலை, வலையில் விழும் மீன். பக்கத்துக் கிணறுகள் இரண்டிலும் உப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள கிணற்றில் வேறாக இருக்கும் என்று யாரும் ஊகிப்பார்கள். எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையவை, ஆனால் அருகில் இருப்பவற்றின் தொடர்பு தொலைவில் இருப்பவற்றைவிட அதிகம் என்று வால்டோ டோப்லர் என்ற புவியியலாளர் 1970-இல் எழுதினார். புவியியலின் முதல் விதி என்று அதற்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். இந்த ஒற்றுமையை அளக்கும் எண்ணை அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1950-இல், மோரன் என்ற புள்ளியியலாளர் தந்துவிட்டார். மோரன் எண் என்றே அழைப்போம்.

அதன் உள்ளுறை எளிது. ஒவ்வோர் ஊரிலும் அளந்த எண் பொதுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அண்டை ஊர்கள் இரண்டும் சராசரிக்கு மேலே, அல்லது இரண்டும் கீழே என்றால், விலகல்களின் பெருக்கற்பலன் மிகை எண். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் குறை எண். எல்லா அண்டை இணைகளுக்கும் இந்தப் பெருக்கற்பலனின் சராசரியை எடுத்து, விலகல் வர்க்கங்களின் சராசரியால் வகுத்துவிட்டால் முடிந்தது. +1-க்கு அருகில் வந்தால் அண்டை அண்டையைப் போல இருக்கிறது. -1-க்கு அருகில் என்றால் அண்டைக்கு நேர்மாறு. 0-வை ஒட்டி வந்தால் தொடர்பு இல்லை.

கடினமான கேள்வி கணக்கில் இல்லை. அண்டை யார்?

மண்டபத்துக்கு வாருங்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இந்தப் பக்கத்தில் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடக்குக் கடலின் சாந்தத்தையும் தெற்குக் கடலின் முரட்டுத்தனத்தையும் கண்டு வைத்த பெயர்கள். நடுவே நிலம் ஒரு நாக்கு. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் படகுக்கு வழி, பாம்பன் பாலத்தின் அடியில் உள்ள கால்வாய்தான்.

ஆடி மாதம் என்று வையுங்கள். கச்சான் காற்று தெற்குக் கடலைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. வடகரையில் மூன்று ஊர்கள், அவற்றுக்கு நேர் எதிரே தென்கரையில் மூன்று ஊர்கள். அந்த மாதத்தில் படகு இறங்காத நாட்கள் வடகரையில் வரிசையாக 2, 3, 4. தென்கரையில் 12, 11, 10. இவையும் பாடத்துக்காக நான் வைத்த எண்கள். சராசரி 7. விலகல்கள் வடக்கே -5, -4, -3; தெற்கே +5, +4, +3. விலகல் வர்க்கங்களின் சராசரி 16.67.

ஒரே கரையில் அடுத்தடுத்து உள்ள ஊர்களை அண்டை என்று வைத்தால் இணைகள் நான்கு: 20, 12, 20, 12. சராசரி 16. மோரன் எண் 0.96. டோப்லர் மகிழ்வார். வரைபடத்தில் அளவுகோலை வைத்து, நிலத்தைத் தாண்டி எதிர்க்கரை ஊர்தான் மிக அருகில் இருக்கிறது, அதுவே அண்டை என்று வைத்தால் இணைகள் மூன்று: -25, -16, -9. சராசரி -16.67. மோரன் எண் -1. ஆறு ஊர்கள், ஆறே எண்கள். ஒரு கணக்கில் அண்டை வீட்டார் இரட்டைப் பிள்ளைகள். மறு கணக்கில் கீரியும் பாம்பும்.

எது சரி என்று மீனவரிடம் கேட்டால் சிரிப்பார். கடலுக்குப் போகிறவனுக்குக் கடல்வழி அண்டையே அண்டை. அதுவே மீன் ஏற்றிச் செல்லும் வண்டிக்காரரின் கணக்கு என்றால் எதிர்க்கரை ஊர்தான் பக்கம். காகம் பறக்கும் தூரத்தை எடுத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு இந்த இரண்டும் தெரியாது. இங்கே தொண்டியையும் தனுஷ்கோடியையும் இணைத்து நடுப்புள்ளி எடுத்தால் அது பாக் நீரிணையில் விழும். 'இப்பகுதியின் மையம்' என்று அறிக்கையில் அதை எழுதி, அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டப் பரிந்துரைக்காமல் இருந்தால் சரி.

இன்னொன்று. வடிவத்தைக் கண்டதும் காரணம் தெரிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. நம் தரிசுகளில் வேலிக்கருவை எங்கு பார்த்தாலும் கொத்துக் கொத்தாக நிற்கும். அளந்தால் விகிதம் 1-க்கு நன்றாகக் கீழே வரும், கும்பல்தான். ஏன்? ஆடுகள் நெற்றைத் தின்றுவிட்டுக் கிடை போட்ட இடத்தில் விதையைப் போடுகின்றன. அதனால் அங்கே கொத்து. அல்லது ஈரம் தங்கும் பள்ளங்களில் மட்டும் கன்று பிழைக்கிறது. அதனால் அங்கே கொத்து. இரண்டுமே தாளில் ஒரே மாதிரிப் புள்ளிகளைத்தான் தரும். எது என்று அறிய வரைபடத்தை மூடிவிட்டுக் கிடை போடுகிறவரைத் தேடிப் போக வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருள் இருக்கிறது. புள்ளிகளைக் கொடுத்தால் கண்ட தூரம், எதிர்பார்த்த தூரம், விகிதம் எல்லாவற்றையும் நொடியில் தரும். இரண்டு இடங்களில் கால் இடறும். முதலாவது, அட்சரேகை தீர்க்கரேகைப் பாகைகளில் உள்ள கோப்பை அப்படியே கொடுத்தால் பரப்பு பாகைக் கணக்கில் போய் விடை கந்தலாகும். மீட்டரில் அளக்கும் வீழ்ப்புக்கு (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறைக்கு) முதலில் மாற்ற வேண்டும். நம் கரைக்குப் பொருந்துவது யூ.டி.எம். 44 வடக்கு என்ற வீழ்ப்பு. இரண்டாவது இன்னும் நுட்பமானது: பரப்பை நீங்கள் சொல்வதில்லை. எல்லாப் புள்ளிகளும் அடங்கும் ஒரு செவ்வகத்தை மென்பொருளே போட்டுக்கொள்கிறது. தொண்டியிலிருந்து வளைந்து பாம்பன் வந்து, திரும்பி மேற்கே வேம்பார் பக்கம் ஓடும் கரையில் மீனவ ஊர்களைப் புள்ளிகளாகக் கொடுத்தால், அந்தச் செவ்வகத்தில் பெரும்பகுதி கடலும் கரம்பைக்காடுமாக இருக்கும். ஊர் வரவே முடியாத இடங்களையும் சேர்த்து வரப்புப் போட்டுவிட்டு, 'ஊர்கள் கும்பலாக உள்ளன' என்று அது அறிவிக்கும். கேட்காமல் போட்ட வரப்பு என்பதால் யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை.

கண்மாய்க் கணக்கு முடிந்த பிறகும் முன்வரிசைப் பெண் விடவில்லை. சதுரத்தின் தென்கிழக்கு மூலையில் இருந்த ஒரு நீலத் திட்டைச் சுட்டிக்காட்டி, "இது எங்கள் ஊர்ப் பக்கம் சார். இதில் தண்ணீர் நின்று நான் பார்த்ததே இல்லை. உள்ளே முழுக்கக் கருவை. இதைக் கண்மாய் என்று எண்ணலாமா?" என்றாள். தாள் அச்சாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எண்ணினால் 25, விட்டால் 24. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஐந்தாறு பேராகப் போய்ப் பார்த்தோம். கரை இருந்தது. மடையின் கல்தூண்கள் சாய்ந்து நின்றன. முள்ளை விலக்கிக்கொண்டு சன்னலோரத்துப் பையன் உள்ளே இறங்கினான். "சார், கணுக்கால் அளவு நிற்கிறது" என்று குரல் மட்டும் வந்தது. அவள் நோட்டில் 25 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.